ஊர்ப் பொதுச் சொத்தும் காப்பு மன்றங்களும்

நெசவாளரின் தறிக்கும் உழவரின் ஏருக்கும் பொதுவான மூலதனம் ஒன்று உண்டு. அஃது எந்தச் சங்கத்தின் ஐந்தொகையிலும் இடம் பெறுவதில்லை. ஏரியில் நிற்கும் நீர், கிணற்றில் ஊறும் ஊற்று, ஆடுமாடு மேயும் புறம்போக்கு, பாவு நீட்டும் தெருவில் நிழல் தரும் மரங்கள், ஊருக்கு மேற்புறத்துக் குன்றின் காடு ஆகியவையே அம்மூலதனம். தறிக்கு ஆண்டுதோறும் தேய்மானம் எழுதுகின்றோம். ஏரி தூர்ந்தால் எழுதுவார் எவருமில்லை. தறியில் பழுது கண்டால் அன்றே தச்சரை அழைக்கின்றோம்; வரத்துக் கால்வாயில் சீமைக் கருவேல் மண்டினால், அது சர்க்கார் வேலை என்று கூறி அப்பால் நடந்துவிடுகின்றோம்.

இம்மூலதனத்தைக் காக்கும் பொருட்டு, அதனால் பயன் பெறுவோரே கூடி அமைத்துக்கொள்ளும் குழுவைக் காப்பு மன்றம் என்று இக்கட்டுரையில் குறிப்பிடுகின்றோம். வன பஞ்சாயத்து, ஏரி வாரியம், ஆயக்கட்டுதாரர் சங்கம், பல்லுயிர் மேலாண்மைக் குழு என இடத்திற்கும் காலத்திற்கும் ஏற்ப அதன் பெயர் மாறும். எப்பெயரால் வழங்கினும் அது நிலைத்து நிற்பதற்கு மூன்று வேண்டும். காப்பவர்க்கு உரிமை வேண்டும். காத்ததன் பயனில் பங்கு வேண்டும். ஊரறியக் கணக்கு வேண்டும். இம்மூன்றில் ஒன்று குறைந்தாலும் மன்றத்தின் பெயர்ப்பலகை நிற்கும். பொதுச் சொத்து நில்லாது. இவ்வுண்மையைச் சில இடங்களின் அனுபவத்தைக் கொண்டு விளக்குவதே நம் நோக்கம்.

மூன்றாவது வழி

பொதுச் சொத்து ஏன் அழிகின்றது? மக்கள் பொல்லாதவர் என்பதனால் அன்று. ஒருவர் தம் மாட்டைப் பிடித்துக் கட்டினாலும் அடுத்தவர் மாடு அதே புல்லை மேய்ந்துவிடும் என்ற அச்சமே முதற் காரணம். தாம் மட்டும் கட்டுப்பட்டு நின்றால் தமக்கே நட்டம் என்று ஒவ்வொருவரும் எண்ணுவர். எல்லோரும் அவ்வாறே எண்ணுதலால் முடிவில் புல்லும் இல்லை, மாடும் இல்லை.

இதற்குப் பரிகாரமாக இரண்டு வழிகளையே அறிஞர் பலர் நெடுங்காலம் கூறி வந்தனர். ஒன்று, சொத்து முழுவதையும் அரசாங்கத்தினிடம் ஒப்படைத்தல். மற்றொன்று, பங்கிட்டுத் தனியார்க்குக் கொடுத்துவிடுதல். இவ்விரண்டும் அல்லாத மூன்றாவது வழியும் உண்டென்று நிறுவியவர் அமெரிக்க அறிஞர் எலினார் ஆஸ்ட்ரம் அம்மையார். சுவிட்சர்லாந்தின் மலைப் புல்வெளிகள், ஜப்பானியச் சிற்றூர்களின் காடுகள், ஸ்பெயின், பிலிப்பைன்ஸ் ஆகிய நாடுகளின் பாசன வாய்க்கால்கள் ஆகியவற்றைப் பல தலைமுறைகளாக அவ்வூராரே காத்து வந்த முறைகளை ஆராய்ந்து, 1990ஆம் ஆண்டில் அவர் நூலொன்று வெளியிட்டார். 2009ஆம் ஆண்டில் பொருளாதாரத்திற்கான நோபல் பரிசும் அவருக்குக் கிடைத்தது. அப்பரிசினைப் பெற்ற முதற் பெண்மணி அவரே.

எல்லை தெளிவாக இருத்தல், விதிகள் உள்ளூர் நிலைக்குப் பொருந்துதல், விதி செய்வதில் பயனாளருக்கு இடம் இருத்தல், காவல் புரிவோர் அவர்களுக்குப் பொறுப்புடையவராதல், குற்றத்திற்கேற்பத் தண்டம் படிப்படியாக உயர்தல், வழக்குகள் செலவின்றித் தீர்தல், அரசாங்கம் அம்மன்றத்தை ஏற்றுக்கொள்ளுதல், சிறிய மன்றங்கள் பெரியவற்றோடு அடுக்கடுக்காக இணைதல் என்னும் எட்டும் நெடுநாள் நிலைத்த மன்றங்களின் இலக்கணம் என்பது அவர் கண்ட முடிபு. கூட்டுறவுத் துணைவிதிகளைப் படித்த நம் அங்கத்தினர்க்கு இவற்றுள் எதுவும் புதிதன்று.

உரிமை: குமாவோன் மலைநாடு

உரிமையின் இன்றியமையாமையை இமயமலைச் சாரலிலுள்ள குமாவோன் பகுதியில் காணலாம். இன்று அது உத்தராகண்ட மாநிலத்தைச் சேர்ந்தது. 1911 முதல் 1917 வரையில் ஆங்கில அரசாங்கம் அங்கே காடுகளைப் பெருமளவில் ஒதுக்கி, மேய்ச்சலுக்கும் விறகிற்கும் தழைக்கும் கட்டுப்பாடு விதித்தது. மலைநாட்டு வேளாண்மையோ காட்டையே நம்பியது. மாட்டுக்குப் புல்லும், தொழுவத்திற்குச் சருகும், வயலுக்கு எருவும் அங்கிருந்தே வரவேண்டும். தம்முடையதாயிருந்த காடு அயலாருடையதாகிவிட்டது என்று மக்கள் மனம் கொதித்தனர். 1921ஆம் ஆண்டில் பல இடங்களில் காடுகள் தீக்கிரையாயின.

அதே ஆண்டில் மக்களின் குறைகளை விசாரிக்க ஒரு குழு நியமிக்கப்பெற்றது. அதன் பரிந்துரைகளின் பயனாக, 1931ஆம் ஆண்டில் வன பஞ்சாயத்து விதிகள் இயற்றப்பட்டன. ஊரார் தேர்ந்தெடுத்த குழுவே எல்லை வகுத்த ஊர்க்காட்டினை நிர்வகிக்கும், புல்லறுக்கும் காலத்தை அறிவிக்கும், காவலாளை நியமிக்கும், மீறினவர்க்குத் தண்டம் விதிக்கும். காவலாளின் கூலிக்காக வீட்டுக்கு வீடு வரி தண்டிய ஊர்களும் உண்டு. முன்பு காட்டுக்குத் தீயிட்ட மலைநாட்டிலேயே மக்கள் கைப்பொருள் கொடுத்துக் காவல் வைத்தனர். இடையே நிகழ்ந்த மாறுதல் உரிமை ஒன்றே.

இன்று அம்மாநிலத்தில் 11,000-க்கும் மேற்பட்ட வன பஞ்சாயத்துகள் உள்ளன. எல்லாம் ஒரே தரத்தில் இயங்குகின்றன என்று கூறுவதற்கில்லை. 1976ஆம் ஆண்டு விதிகள் முதலாகத் துறையினரின் பிடி இறுகியது என்றும், அதனால் ஊராரின் ஊக்கம் தளர்ந்தது என்றும் ஆராய்ச்சியாளர் குறை கூறியுள்ளனர். கொடுத்த உரிமையைச் சிறிது சிறிதாகத் திரும்பப் பெறுவதும் மன்றத்தை மெலிவிக்கும் என்பது இதனால் விளங்கும்.

பங்கு: அராபாரிக் காடு

உரிமை இருந்தும் பயனில்லையேல் ஊக்கம் நில்லாது. மேற்கு வங்காளத்தின் மிதுனபுரி மாவட்டத்தில் அராபாரி என்னும் இடத்தில் குங்கிலிய மரக்காடுகள் வெட்டுண்டு புதர்களாய்க் கிடந்தன. விறகு வெட்டிப் பிழைப்பதன்றிச் சுற்றுப்புற ஏழைகளுக்கு வேறு வழியில்லை. வனக்காவலர் துரத்துவதும் அவர் ஓடுவதுமே நாள்தோறும் நிகழ்ந்தன. 1970-களின் தொடக்கத்தில் அங்கிருந்த வன அதிகாரி ஒருவர் புதுமுறையொன்றை மேற்கொண்டார். 11 ஊர்களைச் சேர்ந்த 618 குடும்பங்களை அழைத்து, 1,272 ஹெக்டேர் காட்டைக் காக்கும் பொறுப்பில் சேர்த்துக்கொண்டார். நடவு வேலையில் அவர்களுக்குக் கூலி கிடைத்தது. விறகும் புல்லும் எடுக்க வகை செய்யப்பட்டது. மரம் விற்கும் தொகையில் 25 சதவிகிதம் அவர்களுக்கே என்ற உறுதியும் அளிக்கப்பட்டது.

அடியோடு வேர்விட்ட மரங்கள் மேயாமலும் வெட்டாமலும் விட்டால் தாமே தழைக்கும் இயல்புடையவை. பதினைந்து ஆண்டுகளுக்குள் புதர் மீண்டும் காடாயிற்று. இம்முறையே பின்னர்க் கூட்டு வன மேலாண்மை எனப் பெயர் பெற்றது. 1990 ஜூன் மாதத்தில் மத்திய அரசாங்கம் இதனை எல்லா மாநிலங்களுக்கும் பரிந்துரைத்துச் சுற்றறிக்கை அனுப்பிற்று. பங்குத்தொகை எவ்வளவு என்பதை முன்கூட்டியே எழுத்தில் சொல்லிவிடவேண்டும் என்பது இங்கே கருதத்தக்கது. நெய்து முடித்த பின்னர்க் கூலியைப் பேசும் நெசவாளர் எவரேனும் உளரோ?

கணக்கு: உத்தரமேரூர்

மூன்றாவதாகிய கணக்கிற்குச் சான்று தேடித் தொலைதூரம் போகவேண்டுவதில்லை. காஞ்சிபுரம் மாவட்டத்து உத்தரமேரூரில், முதற் பராந்தக சோழன் காலத்தில், 919, 921 ஆகிய ஆண்டுகளில் பொறிக்கப்பெற்ற கல்வெட்டுகள் உள்ளன. ஊர் 30 குடும்புகளாகப் பிரிக்கப்பட்டிருந்தது. ஒவ்வொரு குடும்பிலும் தகுதியுடையார் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்திலிட்டு, சிறுவன் ஒருவனைக் கொண்டு எடுப்பித்து, வாரியங்களுக்கு ஆள் தெரிந்தனர். சம்வத்சர வாரியத்திற்கு 12 பேர், தோட்ட வாரியத்திற்கு 12 பேர், ஏரி வாரியத்திற்கு 6 பேர். பதவிக் காலம் 360 நாட்கள்.

குடவோலையைப் பலரும் புகழ்வர். கூட்டுறவுச் சங்கங்களின் கணக்கைப் பார்க்கும் நம் போன்றோர்க்கோ அக்கல்வெட்டில் வேறொரு விதியே மிகவும் இனிக்கின்றது. முன்பு வாரியம் செய்து கணக்குக் காட்டாது போனவர் மறுபடியும் குடத்தில் இடம் பெறலாகாது. அவருடைய நெருங்கிய உறவினரும் பெறலாகார். அடுத்தடுத்து ஒருவரே பதவியில் அமர்வதையும் அவ்விதி தடுத்தது. முந்திய மூன்றாண்டுகளில் வாரியம் செய்தவர் பெயரை எழுதக்கூடாது.

அக்காலத்து முறை முழுவதும் நமக்கு ஏற்புடையது என்று கூறமாட்டோம். அது பிராமணருக்கு அளிக்கப்பட்ட ஊரின் சபை. வரி செலுத்தும் கால்வேலிக்கு மேற்பட்ட நிலமும், சொந்த மனையும், வேதக்கல்வியும் உடைய ஆடவர்க்கே அதில் இடமுண்டு. உழுதவர்க்கும் நெய்தவர்க்கும் குடத்தில் ஓலை இல்லை. ஆயினும், பொதுச் சொத்தைக் கையாண்டவன் கணக்குக் காட்டும் வரையில் கடன்பட்டவனே என்னும் கொள்கை, ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்குப் பின்னரும் பழையதாகிவிடவில்லை.

கணக்கோடு சேர்த்து எண்ணத்தக்கது வழக்குத் தீர்வு. ஸ்பெயின் நாட்டு வாலென்சியா நகரில், பாசன உழவர்கள் தேர்ந்தெடுத்த நீதிபதிகள் பேராலயத்தின் வாயிலில் வியாழக்கிழமை நண்பகலில் கூடி, தண்ணீர் வழக்குகளை வாய்மொழியாகவே விசாரித்து அன்றே தீர்ப்பளிக்கும் வழக்கம் பல நூற்றாண்டுகளாக உள்ளது. வக்கீலும் இல்லை, முத்திரைத்தாளும் இல்லை. மடைச்சண்டை முற்றுவதற்குள் தீர்ந்துவிடுமாயின் வெட்டுக்குத்து ஏது?

மேல்மடையும் கீழ்மடையும்: நொய்யலின் பாடம்

இனி, காப்பு மன்றம் இல்லாத இடத்தில் நேர்வதையும் காண்போம். வெள்ளியங்கிரி மலையில் தோன்றும் நொய்யல், கோயம்புத்தூர், திருப்பூர், ஈரோடு, கரூர் மாவட்டங்களின் வழியே சென்று காவிரியில் கலக்கின்றது. கைத்தறிக்குப் பெயர்பெற்ற சென்னிமலைக்கு அண்மையில், ஒரத்துப்பாளையத்தில், 1992ஆம் ஆண்டில் அதன் குறுக்கே அணை கட்டி முடிக்கப்பட்டது. பாசனத்திற்கென்றே எழுந்த அவ்வணையில், மேற்புறத்துச் சாய, சலவைப் பட்டறைகளின் கழிவு நீரே தேங்கிற்று. அணைக்குக் கீழுள்ள கிணறுகளும் உப்பாயின. தண்ணீர் திறந்துவிடுங்கள் என்று கேட்கவேண்டிய உழவர், திறந்துவிடாதீர்கள் என்று மன்றாடும் நிலை வந்தது.

நொய்யல் ஆற்று ஆயக்கட்டுதாரர் பாதுகாப்புச் சங்கம் நீதிமன்றத்தை நாடிற்று. கழிவு நீரைச் சிறிதும் ஆற்றில் விடலாகாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2006 டிசம்பரில் ஆணையிட்டது; 2009ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றத்திலும் உழவர் பக்கமே தீர்ப்பாயிற்று. ஆணை நிறைவேறாமையால், 2011 ஜனவரியில் எழுநூறுக்கும் மேற்பட்ட பட்டறைகளையும் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களையும் மூடும்படி உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. நிபந்தனைகளை நிறைவேற்றியவை பின்னர்ப் படிப்படியாக மீண்டும் இயங்கின.

இவ்வழக்கில் எப்பக்கம் வென்றது என்று கேட்பின், விடை கூறுதல் அரிது. உழவர் தம் கிணற்றை இழந்த பின்னரே தீர்ப்பைப் பெற்றனர். பட்டறைகள் மூடிய நாட்களில் கூலியாட்களின் அடுப்பு எரியவில்லை. மேல்மடையாரும் கீழ்மடையாரும் தொடக்கத்திலேயே ஒரு மன்றத்தில் அமர்ந்து, எவ்வளவு நீர், எத்தகைய சாயம், கழிவைத் தூய்மை செய்யும் செலவில் எவருக்கு எவ்வளவு என்று பேசியிருப்பின், இழப்பு இத்துணை பெருகியிராது என்பது நம் கருத்து. ஆறு ஊரெல்லையை அறியாது. ஆதலின் ஊருக்கோர் மன்றம் மட்டும் போதாது, ஆற்றுக்கும் ஒரு மன்றம் வேண்டும்.

அரசாங்கத்தின் கை

மக்களே காப்பர் எனின் அரசாங்கம் எதற்கு என்று சிலர் வினவலாம். மன்றத்திற்கு உரிமையை எழுதிக் கொடுப்பதும், ஊராரால் இயலாத பெரும்பணியைச் செய்வதும், வெளியிலிருந்து வரும் இடையூற்றைத் தடுப்பதும் அரசாங்கத்தின் கடமைகள். தறியில் பாவு மட்டும் இருந்தால் துணியாகாது. ஊடை மட்டும் ஓடினாலும் ஆகாது.

தமிழ்நாட்டில் ஏறத்தாழ 39,000 ஏரிகள் உள்ளன. கரைக்கு மண்ணிடுதல், வாய்க்கால் தூர் வாருதல் முதலிய பணிகளை ஊரார் தம் உழைப்பால் செய்த வழக்கமே குடிமராமத்து. ஆங்கிலேயர் ஆட்சியில் ஏரிகளின் நிர்வாகம் அரசாங்கத்தின் கைக்கு மாறியது, வழக்கம் தளர்ந்தது. 1858ஆம் ஆண்டில் சென்னை மாகாணத்தில் அவ்வுழைப்பைக் கட்டாயமாக்கச் சட்டமொன்று இயற்றினர். அது பெரும்பாலும் ஏட்டளவிலேயே நின்றது. உரிமையை எடுத்துக்கொண்டு உழைப்பை மட்டும் கேட்டால் எவர் மண்வெட்டியை எடுப்பர்?

பாசன அமைப்புகளின் நிர்வாகத்தில் உழவர்க்கு இடந்தரும் சட்டம் 2000ஆம் ஆண்டில் தமிழ்நாட்டில் இயற்றப்பட்டது. 2017ஆம் ஆண்டில் குடிமராமத்து என்ற பெயரிலேயே திட்டம் தொடங்கி, முதற்கட்டமாக 100 கோடி ரூபாயில் 1,519 பணிகள் மேற்கொள்ளப்பட்டன. ஆயக்கட்டுதாரர்கள் பத்தில் ஒரு பங்கினைப் பணமாகவோ பொருளாகவோ உழைப்பாகவோ தருதல் வேண்டும் என்பது ஏற்பாடு. கொள்கை நன்று. ஆயினும், பணி முடிந்து பட்டியல் பாஸானதும் சங்கம் உறங்கிவிடுமாயின், அது காப்பு மன்றமன்று, ஒப்பந்தக்காரரின் மறுபெயரே.

வெளி இடையூற்றைத் தடுப்பதில் அரசாங்கத்தின் ஏற்பு எவ்வளவு பயன்படும் என்பதற்கு மதுரை மாவட்டம் மேலூர் வட்டத்து அரிட்டாபட்டி அண்மைக்காலச் சான்று. குன்றுகளும் சுனைகளும் கண்மாய்களும், தமிழி எழுத்துக் கல்வெட்டும், குடைவரைக் கோயிலும் உடைய அவ்வூரையும் அடுத்துள்ள மீனாட்சிபுரத்தையும் சேர்ந்த ஏறத்தாழ 193 ஹெக்டேர் பரப்பினை, 2022 நவம்பரில் தமிழ்நாட்டின் முதற் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக மாநில அரசாங்கம் அறிவித்தது. 2024 நவம்பரில் அவ்வட்டாரத்தில் டங்ஸ்டன் கனிமம் எடுக்க ஏலம் முடிந்த செய்தி வந்தது. சுற்றுப்புற ஊர்களின் கிராம சபைகள் எதிர்த்துத் தீர்மானம் நிறைவேற்றின. 2024 டிசம்பர் 9ஆம் நாள் சட்டப்பேரவையும் தீர்மானம் இயற்றிற்று. 2025 ஜனவரியில் மத்திய அரசாங்கம் அவ்வேலத்தை ரத்துச் செய்தது. ஊராரின் ஒற்றுமையே வென்றது என்பதில் ஐயமில்லை. ஆயினும் இன்ன குன்று, இன்ன சுனை, இன்ன பறவை என்று முன்பே ஏட்டில் ஏறியிருந்தமை அவர்களுடைய சொல்லுக்கு வலிவு தந்தது.

அத்தகைய ஏட்டினை ஒவ்வோர் ஊரும் எழுதலாம். 2002ஆம் ஆண்டின் பல்லுயிர் பெருக்கச் சட்டத்தின்படி, உள்ளாட்சி அமைப்பு ஒவ்வொன்றும் பல்லுயிர் மேலாண்மைக் குழு அமைத்து, ஊரிலுள்ள மரம், செடி, விலங்கு, மரபு விதை, அவை பற்றிய மக்களறிவு ஆகியவற்றைப் பதிவேட்டில் எழுதுதல் வேண்டும். பதிவேடு எழுதப்படினும், அது ஊராரின் கண்ணில் படாமல் அலுவலகப் பெட்டியில் உறங்குமாயின் பயன் இல்லை.

நம் சங்கங்கள் செய்யத்தக்கன

பாசனச் சங்கங்களில் ஒரு குறை உண்டு. ஆயக்கட்டில் நிலமுடையாரே அங்கே அங்கத்தினர். அதே ஏரியின் ஊற்றினால் நிறையும் கிணற்றில் நூலை அலசும் நெசவாளர்க்கும், ஏரிப் புறம்போக்கில் ஆடு மேய்ப்பவர்க்கும், அங்கே குரலில்லை. குரலில்லாதவர் காவலுக்கு வாரார். சாயநீர் கலந்தால் குற்றவாளியாக மட்டும் நினைவுகூரப்படுவர். இக்குறையைத் தீர்ப்பதற்குச் சட்டம் திருந்தும் வரையில் காத்திருக்க வேண்டுவதில்லை. நெசவாளர் சங்கமும் வேளாண்மைக் கடன் சங்கமும் ஒரே ஊரில் இருக்குமாயின், பின்வருவனவற்றை இவ்வாண்டே தொடங்கலாம்.

முதலாவது, இரு சங்கங்களின் நிர்வாகக் குழுக்களும் ஆயக்கட்டுதாரரோடு கூடி, ஏரிக்கு ஒரு காப்பு மன்றம் அமைத்தல். தலைமடை, கடைமடை, நெசவுத் தெரு, மேய்ச்சல்காரர், பெண்கள் ஆகிய ஒவ்வொரு தரப்பிற்கும் அதில் இடம் வரையறுத்தல் வேண்டும்.

இரண்டாவது, எல்லையை அறிதல். வருவாய்த் துறை ஏடுகளின்படி ஏரியின் பரப்பு, வரத்துக் கால்வாய், கலுங்கு, மதகு ஆகியவற்றை நடந்து பார்த்துப் படம் எழுதி, சங்கக் கட்டிடத்தின் சுவரில் மாட்டுதல் வேண்டும். ஆக்கிரமிப்பு எங்கே என்பதை எவரும் சொல்லாமலே அப்படம் சொல்லும்.

மூன்றாவது, மழைக்கு முன்னும் பின்னும் ஏரியின் நீர்மட்டத்தையும் குறிப்பிட்ட சில கிணறுகளின் ஆழத்தையும் அளந்து எழுதுதல். மன்றத்தின் முதல் கணக்குப் புத்தகம் இதுவே. சாயம் தோய்க்கும் இடங்களில் கிணற்று நீரின் உப்புத்தன்மையையும் சோதித்து எழுதலாம்.

நான்காவது, நீர்க்கட்டியின் கூலிக்கும் சிறு பழுதுகளுக்கும் நிதி திரட்டல். வீட்டுக்குச் சிறு தொகை வசூலிப்பதோடு, துணைவிதிகள் இடந்தரும் சங்கங்களில் பொது நல நிதியிலிருந்தும் உதவலாம். வரவும் செலவும் மாதந்தோறும் பலகையில் எழுதப்படுதல் வேண்டும். கணக்கை முடிக்காதவர் மறுமுறை பதவிக்கு நிற்றல் கூடாது.

ஐந்தாவது, கிராம சபையின் ஒப்புதலைப் பெறுதல். 2022ஆம் ஆண்டு முதல் தமிழ்நாட்டில் உலக நீர் நாளாகிய மார்ச் 22ஆம் நாளிலும் கிராம சபை கூட்டுவதென்று முடிவாகியுள்ளது. மன்றத்தின் விதிகளையும் ஆண்டுக் கணக்கையும் அன்று சபையின் முன் வைத்துத் தீர்மானமாக்கினால், நம் ஏற்பாட்டிற்கு ஊரின் முத்திரை கிடைக்கும். பல்லுயிர்ப் பதிவேட்டையும் அன்றே சபையில் உரக்கப் படிக்கச் செய்யலாம்.

இவற்றுள் எதற்கும் பெருந்தொகை தேவையில்லை. எல்லாவற்றிற்கும் தேவையானது, பிற சாதியார் தெருவிலும் பிற தொழிலார் திண்ணையிலும் சென்று அமர்ந்து பேசும் மனம். கடனுக்கும் நூலுக்கும் ஒன்று கூடக் கற்ற நமக்கு, நீருக்காக ஒன்று கூடுதல் இயலாததன்று. அடுத்த பொதுப்பேரவைக் கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில், லாபப் பங்கீட்டிற்கு முன்னதாக, ‘ஏரியின் நிலை’ என்று ஒரு வரியைச் சேர்க்குமாறு சங்கத் தலைவர்களையும் செயலாளர்களையும் கேட்டுக்கொள்கின்றோம்.